பாய்லர் பரீட்சைக்குப் படிப்பது இல்மா? சீனா ஹதீஸ் உண்மையா?

வஅலைக்கும் ஸலாம் தம்பி. பின்னால் வாசிக்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் உங்கள் கேள்வியைச் சுருக்கி எழுதிவிட்டு ஆரம்பிக்கிறேன். ஜொகூரில் ஒரு தோட்டப் பட்டணம், வயது முப்பத்தொன்று, படிவம் மூன்றோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் உதவியாள் வேலை. இப்போது ஸ்டீம் இன்ஜின் டிரைவர் சான்றிதழுக்குப் படிக்கிறீர்கள். உங்கள் மாமு, "சீன தேசம் சென்றேனும் சீர்கல்வி தேடு என்று நபி சொல்லியிருக்கிறார்கள், விடாமல் படி" என்கிறார். சுராவில் (சின்னத் தொழுகைக்கூடம்) உங்களோடு தொழுகிற நண்பரோ, "ஹதீஸில் வருகிற இல்ம் (கல்வி) என்றால் மார்க்கக் கல்வி மட்டும்தான், நீ படிப்பது துன்யா (உலகக் காரியம்), அந்த நேரத்துக்குக் குர்ஆன் ஓதப் பழகு" என்கிறார். யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதினீர்களே, "எனக்கு அல்ஹம்து சூராவே ஒழுங்காக ஓத வராது, இந்த வயசுல சின்னப் பிள்ளைங்களோட போய் உட்கார வெட்கமா இருக்கு" என்று, என் கண் அதில்தான் நின்றது. அல்ஹம்து என்பது குர்ஆனின் முதல் அத்தியாயம், தொழுகையில் ஓத வேண்டியது. மாமுவும் நண்பரும் பேசுவது ஒரு கேள்வி, உங்கள் மனசுக்குள் இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தமிழ்நாட்டில் ஒரு மதரஸாவில் ஏழு ஆண்டு ஓதிவிட்டு வந்தவன். குளுவாங் பக்கத்தில் உங்கள் ஊர் மாதிரியே ஒரு தோட்டப் பட்டணத்தில் இருபது ஆண்டுக்கும் மேலாகப் பெரியவர்களுக்குத் தமிழில் பாடம் நடத்துகிறேன், தவுலியா எடுத்துத்தான், அந்த அனுமதி இல்லாமல் இங்கே மார்க்கம் கற்பிக்க முடியாது. ஃபத்வா கொடுக்கும் இடத்தில் நான் இல்லை. பாய்லரைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் என் பாடத்துக்கு வருகிற ஆலைக்காரர்கள் சொல்லிக் கேட்டதுதான். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் மாமு சொன்ன வரி. பள்ளிவாசல் சுவரிலும் மதரஸா ஆண்டுவிழா மேடையிலும் பேச்சுப் போட்டியிலும் இதைக் கேட்காத பிள்ளை நம்மில் கிடையாது. நானும் பல ஆண்டு சொன்னவன். ஒரு நாள் பாடம் முடிந்ததும், லாரி ஓட்டுகிற ஒரு பெரியவர், "ஹஜ்ரத், இது எந்தக் கிதாபுல வருது?" என்று கேட்டார். பதில் தெரியவில்லை. அன்றிரவு உட்கார்ந்து தேடினேன், அதோடு மேடையில் சொல்வதை விட்டுவிட்டேன். அனஸ் (ரலி) சொன்னதாக அபூ ஆதிகா என்பவர் வழியாக அது வருகிறது. அந்த மனிதரை இமாம் புகாரி 'முன்கருல் ஹதீஸ்' (அறிவிப்பை ஏற்க முடியாதவர்) என்று தள்ளியிருக்கிறார். இப்னு ஹிப்பான் இந்தச் செய்திக்கு அடிப்படையே இல்லை என்கிறார், இப்னுல் ஜவ்ஸி இட்டுக்கட்டப்பட்ட செய்திகளைத் தொகுத்த நூலில் இதைச் சேர்த்துவிட்டார். பைஹகீ கொஞ்சம் மென்மையாக, வாசகம் பிரபலம், அறிவிப்பாளர் வரிசை பலவீனம் என்று முடிக்கிறார். பலவீனம் என்பாரும் இட்டுக்கட்டு என்பாரும் உண்டு, ஆதாரமாகப் பிடிக்க முடியாது என்பதில் பெரிய சண்டை இல்லை. 'தொட்டிலிலிருந்து மண்ணறை வரை கல்வி தேடு' என்று சொல்கிறார்களே, அதற்கு அறிவிப்பாளர் வரிசை என்று ஒன்றுமே கிடையாது, நல்ல வாசகம், அவ்வளவுதான். நபி சொல்லாததை நபி சொன்னதாகச் சொல்வது எவ்வளவு பெரிய பாவம் என்று நமக்குத் தெரியும், அதனால் நல்ல நோக்கத்துக்கும் அந்த வரி வேண்டாம் என்று மாமுவிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அதற்குப் பதிலாகச் சொல்ல ஒரு பயணமே இருக்கிறது. ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி), தன் காதால் கேட்காத ஒரே ஒரு ஹதீஸ் ஷாமில் (இன்றைய சிரியா பக்கம்) இருந்த அப்துல்லாஹ் இப்னு உனைஸிடம் இருக்கிறது என்று தெரிந்ததும், ஒட்டகம் ஒன்றை வாங்கி ஒரு மாதம் பயணம் போய் அதைக் கேட்டுவிட்டு வந்தார். புகாரியே கல்வி அத்தியாயத்தில் இதைத் தலைப்பில் குறிப்பிடுகிறார்.

'கல்வி தேடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை' என்ற ஹதீஸ் வேறு விஷயம். இப்னு மாஜாவில் இருக்கிறது. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு வரிசையிலும் குறை உண்டு, ஆனால் வழிகள் நிறைய, எல்லாம் சேர்ந்து ஹசன், அதாவது ஏற்கத்தக்க தரத்துக்கு வருகிறது என்று மிஸ்ஸீ போன்ற பெரிய இமாம்கள் சொல்லியிருக்கிறார்கள். 'ஒவ்வொரு முஸ்லிமான பெண் மீதும்' என்று நாம் கூட்டிச் சொல்கிறோமே, அந்தச் சொல் மூலத்தில் இல்லை, கருத்து மட்டும் சரி, 'முஸ்லிம்' என்றாலே பெண்ணும் அடக்கம். கருத்தைப் பொறுத்தவரை யாருக்கும் சந்தேகம் கிடையாது. கடமை என்றால், எந்தக் கல்வி, எவ்வளவு? உங்கள் மாமுவுக்கும் நண்பருக்கும் நடுவில் இருக்கிற பிரச்சினை அதுதான்.

இதற்கு இமாம் கஸ்ஸாலி, 1111-ல் காலமானவர், ஒரு பையனை வைத்துப் பதில் சொல்கிறார். நான் பாடம் தொடங்கும் முதல் நாள் எப்போதும் இதைத்தான் சொல்வேன். ஒரு பையன் முற்பகல் நேரத்தில் பருவம் அடைகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த நிமிடம் அவன் மீது கடமையான கல்வி எது? கலிமாவும் அதன் பொருளும், அவ்வளவே. அப்போதே இறந்துபோனால் அவன் கடமையை முடித்தவன். லுஹர் வரை உயிரோடு இருந்தால் ஒளுவும் தொழுகையும் கற்பது கடமையாகிறது. ரமலான் வந்தால் நோன்பின் சட்டம். கையில் பணம் சேர்ந்து ஆண்டு நிறைந்தால் ஜக்காத். பணம் இல்லாதவன் ஜக்காத்துக் கணக்கைக் கற்காமல் இருப்பது அன்றைக்குக் குற்றமில்லை. ஊமைக்குப் பேச்சில் எது ஹராம் என்று கற்பது கடமையில்லை, குருடனுக்குப் பார்வையில் எது ஹராம் என்பதும் அப்படியே. வட்டி பரவிய ஊரில் வியாபாரம் செய்கிறவனுக்கு, வட்டியிலிருந்து தப்பிக்கும் கல்வி கடமை. பார்த்தீர்களா, ஃபர்ளு அய்ன், அதாவது ஒவ்வொருவர் மேலும் தனித்தனியாக விழும் கடமை, எல்லோருக்கும் ஒரே தடிமனில் ஒரு புத்தகம் கிடையாது. உங்கள் வாழ்க்கை இன்றைக்கு எங்கே நிற்கிறதோ அங்கே வந்து அது உங்களைப் பிடிக்கிறது, நாளைக்கு நீங்கள் நகர்ந்தால் அதுவும் கூடவே நகர்கிறது. இரண்டாம் கலீஃபா உமர் (ரலி), மார்க்கத்தை விளங்கியவரைத் தவிர வேறு யாரும் நம் சந்தையில் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டதும் இதே அர்த்தத்தில்தான், திர்மிதியில் இருக்கிறது.

இனி உங்கள் பாய்லர். கஸ்ஸாலி இரண்டாவதாக ஃபர்ளு கிஃபாயாவைச் சொல்கிறார், ஊரில் சிலர் செய்தால் எல்லோர் தலையிலிருந்தும் இறங்கும், யாருமே செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. நமக்கு உடனே ஜனாஸா குளிப்பாட்டுவதுதான் ஞாபகம் வரும். அவர் அதில் மருத்துவத்தையும் கணக்கையும் சேர்க்கிறார், விவசாயம், நெசவு, தையல் வரைக்கும் கொண்டுபோகிறார். அத்தோடு தன் காலத்து ஆலிம்கள் மேல் கோபமும் படுகிறார்: எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லை, அந்தக் கடமையை எடுத்துச் செய்ய ஆளைக் காணோம், எல்லோரும் ஃபிக்ஹ் விவாதத்தில்தான் போய்க் குவிகிறார்கள், ஏனென்றால் மருத்துவம் படித்தால் வக்ஃபு சொத்து நிர்வாகமும் நீதிபதி பதவியும் கிடைக்காதே என்கிறார். தொள்ளாயிரம் ஆண்டு ஆகியும் அந்த வரிகள் சுடுகின்றன. உங்கள் ஆலையில் கேஜ் கிளாஸில் தண்ணீர் மட்டம் இறங்கியதைக் கவனிக்காமல் விட்டவன், குழாய்கள் காய்ந்து சிவந்த பிறகு பதறிப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்பது என்னை விட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே ஒரு ஷிப்டில் எத்தனை பேர் உயிர் இருக்கிறது! அதைச் சரியாகத் தெரிந்த ஆள் ஒருவர் நிற்க வேண்டும் என்பது மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று என்னால் சொல்லவே முடியாது. அந்த இடத்தில் நீங்கள்தான் நிற்கப்போகிறீர்கள் என்றால், என் பார்வையில் அந்தப் படிப்பு உங்கள் மேல் இன்னும் அழுத்தமாக விழுகிறது.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது, நாம் இருவரும் செம்பனைக்கு நடுவில் வாழ்கிறவர்கள் என்பதால். நபி (ஸல்) மதீனாவுக்கு வந்தபோது மக்கள் பேரீச்சை மரத்தில் ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பாளையில் வைப்பதைப் பார்த்து, இதனால் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை என்றார்கள். மக்கள் விட்டுவிட்டார்கள், அந்த ஆண்டு காய்ப்புக் கெட்டுப்போனது. உங்கள் உலக விஷயத்தை நீங்களே நன்றாக அறிந்தவர்கள் என்று அப்போது சொன்னார்கள், முஸ்லிமில் பதிவான செய்தி. நம் தோட்டங்களில் பழைய ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், செம்பனைக்கும் அந்தக் காலத்தில் மனிதர்கள்தான் மகரந்தத் தூளைப் பவுடரோடு கலந்து மரம் மரமாக ஊதிக்கொண்டு போவார்கள். 1981-ல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து இங்கே விட்ட பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. ஆப்பிரிக்காவில் அந்த மரம் எப்படிக் காய்க்கிறது என்று பொறுமையாக உட்கார்ந்து பூச்சியைப் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது அது. பாளை எப்படிக் காய்க்கும் என்பதை வஹீ (இறைச்செய்தி) வந்து சொல்லித்தரவில்லை, மரத்தில் கை வைக்கிறவனிடமே விட்டுவிட்டது. அதே மதீனாவில், பத்ர் போரில் பிடிபட்ட எழுதத் தெரிந்த கைதிகளில் மீட்புப் பணம் இல்லாதவர்கள் மதீனாவாசிகளான அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று ஏற்பாடானது. கற்றுக்கொடுத்தவர்கள் இணை வைப்பவர்கள்! அவர்களிடம் போய் மார்க்கமா படித்திருப்பார்கள்? ஊர்ப் பக்கத்து உதாரணம் வேண்டுமானால் முன்ஷி அப்துல்லாவைப் பாருங்கள், மலாக்காவில் பிறந்தவர், தமிழ், அரபு இரண்டு இரத்தமும் உண்டு, 1854-ல் இறந்தார். சின்ன வயதில் குர்ஆன் ஓதினார், தந்தை அவரைத் தமிழ் படிக்கவும் அனுப்பினார், ஏனென்றால் அன்றைய மலாக்காவில் கணக்குவழக்குக்கும் வியாபாரத்துக்கும் தமிழ் வேண்டும். ஒன்றைப் பிடிக்க இன்னொன்றை விட வேண்டும் என்று அந்த வீட்டில் யாரும் நினைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் நண்பர் சொன்னதில் உண்மை இருக்கிறது, அதை மறைத்துவிட்டு எழுதினால் நான் நேர்மையில்லாதவன் ஆவேன். 'யார் கல்வியைத் தேடி ஒரு பாதையில் நடக்கிறாரோ அவருக்கு அல்லாஹ் சொர்க்கத்தின் பாதையை எளிதாக்குகிறான்' என்ற ஹதீஸ் முஸ்லிமில் ஆதாரப்பூர்வமானது. அதற்கு விளக்கம் எழுதிய இமாம் நவவீ, இங்கே கல்வி என்பது அல்லாஹ்வுக்காகத் தேடும் மார்க்கக் கல்வி என்கிறார். பழைய இமாம்கள் பெரும்பாலும் அப்படித்தான் விளங்கியிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் பயனுள்ள எல்லாக் கல்வியும் அடங்கும் என்று விரித்துச் சொல்கிறவர்கள் உண்டு, அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, என்றாலும் என் மனசு முழுதாக அங்கே போகவில்லை. ஆகவே பாய்லர் வகுப்புக்குப் பஸ் ஏறும்போதே மலக்குகள் (வானவர்கள்) இறக்கை விரிக்கிறார்கள் என்று உங்களிடம் உறுதி சொல்ல மாட்டேன். ஹலாலான சம்பாத்தியத்துக்கும் பிறர் உயிரைக் காப்பதற்கும் என்ற நிய்யத்தோடு செய்கிற கிஃபாயா கடமை, கூலி உள்ள காரியம், இவ்வளவை உறுதியாகச் சொல்வேன். 'உலக லாபத்துக்காகக் கல்வி கற்றவன் சொர்க்கத்தின் வாசனையை நுகர மாட்டான்' என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால், அந்த ஹதீஸை முழுதாகச் சொல்லச் சொல்லுங்கள். அபூதாவூதில், 'அல்லாஹ்வின் திருப்பொருத்தத்துக்காகத் தேட வேண்டிய கல்வியை' உலக லாபத்துக்கென்று கற்றவன் என்றுதான் இருக்கிறது. மேடைக்கும் பணத்துக்கும் மார்க்கம் படிக்கிறவனுக்கு, அதாவது என்னைப் போன்றவர்களுக்கு வந்த எச்சரிக்கை அது. சம்பளம் கூடும் என்று சான்றிதழ் எடுக்கிற குடும்பஸ்தனுக்கு வந்தது கிடையாது.

சரி, இப்போது அல்ஹம்து சூரா. இதில் நண்பர் முழுக்கச் சரி, உங்கள் மேல் நேரடியாக இருக்கிற கடமை இது, பாய்லர் பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட முடியாதது. வெட்கத்தைப் பற்றி என்னிடம் படித்த ஒரு அம்மாவைச் சொல்கிறேன். தோட்டத்தில் பால் வெட்டியவர். இருபது வயதில் இஸ்லாத்துக்கு வந்து கலியாணம் முடித்தார். போய்ப் பார்த்த வகுப்பு மலாயில், பாடப்புத்தகம் ஜாவி எழுத்தில் (மலாயை எழுதும் அரபு எழுத்து), அவருக்குத் தமிழ் எழுத்தே தட்டுத்தடுமாறித்தான் வரும். இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். கணவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஐம்பத்தெட்டு வயதில், கணவர் மவுத்தான பிறகு என் பாடத்துக்கு வந்து, மூலையில் உட்கார்ந்து, எல்லோரும் போன பின் மெதுவாகச் சொன்னார்: "ஹஜ்ரத், நான் முப்பத்தெட்டு வருஷமா நிலையில பிஸ்மில்லா மட்டும்தான் சொல்லிக்கிட்டு நிக்கிறேன், அல்லா ஏத்துக்குவானா?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர் தொழுகையை அல்லாஹ் பார்த்துக்கொள்வான். ஆனால் முப்பத்தெட்டு ஆண்டாக அவருக்குப் புரியும் மொழியில் ஏழு ஆயத்தைச் சொல்லித்தராத எங்களைக் கேட்பானே என்றுதான் பயந்தேன். உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் நரகத்திலிருந்து காத்துக்கொள்ளுங்கள் என்று 66-வது சூராவில் வருகிறதே, அதற்கு அலி (ரலி) சொன்ன விளக்கம், அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள் என்பது. கணவனுக்குத் தெரியாவிட்டால் மனைவி வெளியே போய்க் கற்பதைத் தடுக்கக் கூடாது என்று கஸ்ஸாலி எழுதுகிறார். நபியவர்களிடம் பெண்கள் போய், ஆண்களே உங்கள் நேரத்தையெல்லாம் எடுத்துக்கொள்கிறார்கள், எங்களுக்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள் என்று கேட்டு வாங்கினார்கள், புகாரியில் இருக்கிறது. உங்களுக்குத் திருமணம் ஆகியிருந்தால், நீங்கள் போகிற பாடத்துக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த அம்மாவுக்கு அல்ஹம்து சூரா முழுதாக வர நாலு மாதம் ஆனது, 'ஐன்' எழுத்துக்கு மட்டும் ஒரு மாதம். முடித்த அன்று பாடத்துக்கு வந்த எல்லோருக்கும் வீட்டிலிருந்து பாயசம் கொண்டுவந்தார்.

குர்ஆனைத் திறமையாக ஓதுகிறவர் கண்ணியமான மலக்குகளோடு இருப்பார், திக்கித் திணறிக் கஷ்டப்பட்டு ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள், இது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள செய்தி, தரத்தில் சந்தேகமில்லை. அதே ஆயிஷா (ரலி), அன்ஸாரிப் பெண்கள் எவ்வளவு நல்லவர்கள், மார்க்கத்தை விளங்குவதற்கு வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்று பாராட்டினார்கள். 80-வது சூரா அபஸ எப்படி இறங்கியது என்று நினைத்துப் பாருங்கள். குறைஷித் தலைவர்களோடு நபி பேசிக்கொண்டிருக்கும்போது, கண் தெரியாத இப்னு உம்மு மக்தூம் தேடி வந்து, எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று குறுக்கே கேட்டார். முகம் சுளித்தது நபி, ஆயத்து இறங்கியது கேட்க வந்தவர் பக்கம். முப்பத்தொன்றில் ஒருவர் அலிஃப் பே ஓத வந்து உட்கார்ந்தால், அவரைப் பார்த்துச் சிரிக்க எந்த உஸ்தாஸுக்கும் உரிமை கிடையாது.

வகுப்புக் கட்டணத்துக்குக் கடன் எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் நடுவில் எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் கஸ்ஸாலியின் கணக்குப்படி வட்டிப் பாடம் இப்போது உங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள், வாங்கிய தொகைக்கு மேல் எதற்காக, என்ன பெயரில் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்தக் குறிப்பிட்ட கடன் கூடுமா என்பதை நான் இங்கிருந்து சொல்ல மாட்டேன், தாளை எடுத்துக்கொண்டு முஃப்தி அலுவலகத்தில் கேளுங்கள், அதற்காகத்தான் அவர்கள் இருக்கிறார்கள். ஆலையே கட்டணத்தைத் தருமா என்று மேனேஜரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? சில ஆலைகளில் தருகிறார்கள் என்று என் மாணவர்கள் சொல்கிறார்கள்.

நேரத்துக்கு நான் சொல்லும் வழி இது. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்தவனால் இரண்டு மணி நேரம் உட்கார முடியாது. சுபுஹுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் ஓதுங்கள், பாய்லர் புத்தகத்தை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒளு, அல்ஹம்து, தொழுகை இருப்பில் ஓதும் அத்தஹிய்யாத், இந்த வரிசையில் போங்கள், தஜ்வீத் என்ற உச்சரிப்புச் சட்டத்தின் பெயர்களெல்லாம் பிறகு பார்க்கலாம். உங்கள் வீட்டில் ஹனஃபி வழக்கமா ஷாஃபியா என்று முதலிலேயே உஸ்தாஸிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிஸ்மில்லாவைச் சத்தமாகச் சொல்வதா வேண்டாமா என்பதிலேயே ஒரு வாரம் குழம்புவீர்கள். போனில் காணொளி பார்த்துப் பழகுவது காதுக்கு நல்லது, ஆனால் நாக்கு எங்கே தொடுகிறது என்பதைப் போன் பார்க்காது. அல்ஹம்துவின் கடைசிச் சொல்லான 'ளால்லீன்' சரியாக வர ஒருவர் எதிரில் உட்கார்ந்து உங்கள் வாயைப் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லீவு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் ஊர் சுராவ் இமாமிடம், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில், பிள்ளைகள் வராத நேரமாகப் பார்த்து அரை மணி நேரம் கேளுங்கள். அவருக்குத் தமிழ் வராது என்றால் எந்த ஊர் என்று மட்டும் இங்கே எழுதுங்கள், பக்கத்தில் தமிழில் சொல்லித்தருகிறவர் யார் இருக்கிறார் என்று விசாரித்துச் சொல்கிறேன்.